கிளப்பின் ‘பெஸ்ட் அண்ட் ஃபேரஸ்ட்’ விருதை நடத்துவது எப்படி: மார்ச் முதல் செப்டம்பர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவுக்கு வந்து, பிள்ளையை ஃபுட்டியில், அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்தில், சேர்த்துவிட்டு, மைதானத்து ஓரமாக நாற்காலி போட்டு உட்காரும் நம்மவர்களில் பலர் இரண்டாவது வருடமே டீம் மேனேஜர் ஆகிவிடுகிறார்கள். புறநகர் கிளப் எதிலும் வேலைக்கு ஆள் போதாது. கொஞ்சம் பொறுப்பாகத் தெரிபவரை விடமாட்டார்கள். அப்புறம் சீசன் தொடங்கும் முன் ஒரு கமிட்டிக் கூட்டத்தில், “இந்த வருடம் பெஸ்ட் அண்ட் ஃபேரஸ்ட் ஓட்டுகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் நன்றாக ஆடியவர்களுக்கு ஓட்டுப் போட்டு, சீசன் முடிவில் கூட்டிப் பார்த்து அதிகம் வாங்கியவருக்குக் கொடுக்கும் விருது அது. சின்ன வேலை போலத் தெரியும். மெல்பர்னில் ஒரு கிளப்பில் இந்தப் பொறுப்பைச் சில வருடங்கள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கிளப்பில் இதைவிடக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை அதிகம் இல்லை. ஒரு வருட உழைப்புக்கு ஒரு பெயர் எழுதப்போகிறோம். அந்தப் பெயர் தப்பாகிவிட்டால், சுவரில் இருக்கும் பலகையில் அது முப்பது வருடம் அப்படியே இருக்கும்.

விருது விழா செப்டம்பரில் நடந்தாலும், அதன் முக்கால்வாசி வேலை மார்ச் மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டும். அதனால் மார்ச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

பெயருக்குள் இருக்கும் இரண்டாவது சொல்

‘சிறந்த ஆட்டக்காரர்’ என்ற விருது எல்லா விளையாட்டிலும் உண்டு. ஆஸ்திரேலியக் கால்பந்திலோ ‘சிறந்தவர், அதோடு நேர்மையானவர்’ என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள். இது அலங்காரத்துக்குச் சேர்த்த சொல் இல்லை. தென் ஆஸ்திரேலிய லீகின் மகரே பதக்கம் 1898-இல் தொடங்கியபோது, முரட்டு ஆட்டத்தைக் குறைக்க வேண்டும், அம்பயர்களுக்கு மரியாதை கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். அங்கே இன்றும் ‘மிக நேர்மையான, மிகப் பிரகாசமான ஆட்டக்காரர்’ என்றுதான் அந்தப் பதக்கத்தைச் சொல்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் சாண்டோவர் பதக்கம் 1921-இல் வந்தது. அந்த மாநிலத்தில் ‘ஃபேரஸ்ட் அண்ட் பெஸ்ட்’ என்று நேர்மையை முன்னால் வைத்துச் சொல்வதே வழக்கம். விக்டோரியாவில் 1924-இல் தொடங்கி, இன்று தேசிய லீகின் விருதாக இருக்கும் பிரவுன்லோ பதக்கம்தான் நாடு முழுவதும் பேசப்படுவது. ஜீலாங் கிளப்பின் சார்லஸ் பிரவுன்லோ நினைவாக வைக்கப்பட்ட அந்தப் பதக்கத்தை முதலில் வென்றதும் ஒரு ஜீலாங் ஆட்டக்காரர்தான், ‘கார்ஜி’ கிரீவ்ஸ். ஜீலாங் கிளப் தன் வருடாந்திர விருதுக்கே பிற்பாடு அவர் பெயரை வைத்துக்கொண்டது.

லீக் விருதும் கிளப் விருதும் வேறு வேறு. லீக் விருதுக்கு அம்பயர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். கிளப் விருதுக்குக் கிளப்பின் சொந்த ஆட்கள். உள்ளூர் லீகுகளிலும் அம்பயர்கள் ஆட்டம் முடிந்ததும் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று எழுதித் தனியாக அனுப்பிவிடுவார்கள். அதில் உங்களுக்கு வேலை இல்லை. இங்கே பேசப்போவது கிளப் விருதைப் பற்றி மட்டும்.

முதல் பந்து உதைக்கப்படும் முன்: ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, கமிட்டியிடம் ஒப்புதல் வாங்கி, ஆட்டக்காரர்கள் எல்லோரும் பார்க்கும்படி உடைமாற்றும் அறையில் ஒட்டுங்கள். யார் ஓட்டுப் போடுகிறார், ஒரு ஆட்டத்துக்கு எத்தனை ஓட்டு, சீசன் கடைசியில் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் ஃபைனல்ஸ் ஆட்டங்கள் கணக்கில் வருமா, சஸ்பென்ஷன் வாங்கியவரின் நிலை என்ன, சமநிலை வந்தால் என்ன செய்வது என்ற ஐந்து கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். சீசன் பாதியில் இவற்றில் எதை முடிவு செய்தாலும், அது யாரோ ஒருவருக்கு ஆதரவாக எடுத்த முடிவாகத்தான் தெரியும். நீங்கள் எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும் சரி.

சிறு பிள்ளைகளின் அணி என்றால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மிக இளம் வயதுப் பிரிவுகளில் புள்ளிப்பட்டியலோ தனிநபர் விருதோ வேண்டாம் என்பதுதான் இந்த விளையாட்டின் சிறுவர் கொள்கை. உங்கள் லீக் எந்த வயதிலிருந்து அனுமதிக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வயதுக் குழந்தைகளுக்கு ஓட்டு எண்ணுவதை நான் மனதார எதிர்க்கிறேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு சின்னக் கோப்பை கொடுத்தால் போதும்.

ஓட்டு முறை: இங்கேதான் வெற்றியாளர் தீர்மானிக்கப்படுகிறார்

கமிட்டிக் கூட்டங்களில் இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவேன். ஒரே சீசன், ஒரே ஆட்டக்காரர்கள், ஆனால் ஓட்டு முறை மாறினால் வெல்பவரும் மாறிவிடுவார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதினாறு ஆட்டங்கள் கொண்ட சீசன். ஒருவர் நடுக்கள ஆட்டக்காரர், மிட்ஃபீல்டர். ஐந்து ஆட்டங்களில் மைதானத்திலேயே அவர்தான் சிறந்தவர், மீதிப் பதினொன்றில் சுமார். இன்னொருவர் பின்வரிசைக்காரர், ஒரு நாளும் முதலிடம் இல்லை, ஆனால் பதினாறு ஆட்டங்களிலும் அணியில் நான்காவது அல்லது ஐந்தாவது சிறந்தவர்.

3-2-1 முறையில் நடுக்களக்காரருக்கு 15 ஓட்டு, பின்வரிசைக்காரருக்கு ஒன்றுகூட இல்லை. பதினாறு வாரம் ஒருநாளும் சோடை போகாமல் ஆடியவர் வருட முடிவில் பூஜ்யத்தோடு உட்கார்ந்திருப்பார். 5-4-3-2-1 முறைக்கு மாறினால் முன்னவருக்கு 25. பின்னவர் எட்டு முறை நான்காவது, எட்டு முறை ஐந்தாவது என்றால் 24. கிட்டத்தட்ட சமம். மூன்றாவதாக ஒரு முறை இருக்கிறது: ஆடிய ஒவ்வொருவருக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். நடுக்களக்காரர் தன் ஐந்து நல்ல நாட்களில் 5, மற்ற நாட்களில் 1 என்று வாங்கினால் மொத்தம் 36. பின்வரிசைக்காரர் ஒவ்வொரு வாரமும் 3 வாங்கினால் 48. இப்போது அவர் தெளிவாக ஜெயிக்கிறார்.

எது சரி? உங்கள் கிளப் எதை மதிக்கிறது என்பதைப் பொறுத்தது. என் தேர்வைக் கேட்டால், கிளப் விருதுக்கு 3-2-1 வேண்டாம். அது அம்பயர்களுக்கான முறை. ஓடிக்கொண்டே இருப்பவர் கண்ணில் பந்து பக்கத்தில் இருப்பவர்தான் படுவார். பிரவுன்லோவை ‘மிட்ஃபீல்டர் பதக்கம்’ என்று மெல்பர்னில் பலர் சொல்வதற்குக் காரணமும் அதுதான். 2024-இல் கார்ல்டனின் பேட்ரிக் கிரிப்ஸ் 45 ஓட்டு வாங்கிச் சாதனை படைத்தார், அவரும் நடுக்களக்காரர். கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட ஃபுல் ஃபார்வர்டான டோனி லாக்கெட் 1987-இல் ஜான் பிளாட்டனோடு பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டது போன்றவை அபூர்வம்.

கிளப் விருதால் அம்பயரின் கண்ணுக்குத் தப்புவதையும் பார்க்க முடியும். ஜீலாங்கின் ஃபுல்பேக் மேத்யூ ஸ்கார்லெட் 2003-இல் தன் கிளப் விருதை வென்றார். ரிச்மண்டின் அலெக்ஸ் ரான்ஸ், அவரும் பின்வரிசைக்காரர், 2015-இல் தன் கிளப்பின் விருதான ஜாக் டயர் பதக்கம் வாங்கினார். எதிரணியின் மிகப் பெரிய ஃபார்வர்டை நான்கு குவார்ட்டரும் கோல் அடிக்கவிடாமல் பிடித்து வைத்தவரின் வேலை கோச்சுக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. தேசிய லீகின் கிளப்புகளில் கோச்சுகள் சேர்ந்து மதிப்பெண் போடும் முறை பரவலாக இருப்பதற்குக் காரணமே இதுதான்.

எல்லோருக்கும் மதிப்பெண் போடுவது சிறந்தது, ஆனால் வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமை மாலை இருபத்திரண்டு பேரைப் பற்றி யோசித்து எண் எழுதக்கூடிய கோச் இருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் 5-4-3-2-1. அவசரமாக, அரை மனதோடு போட்ட இருபத்திரண்டு எண்களைவிட, யோசித்துப் போட்ட ஐந்து எண்கள் மேல்.

யார் ஓட்டுப் போடுவது

ஒருவர் மட்டும் போடக்கூடாது. மூன்று பேர் நல்ல எண்ணிக்கை. ஆளுக்கு 5-4-3-2-1 என்றால் ஒரு ஆட்டத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் 15. மூவரும் ஒருவரையொருவர் கேட்காமல் தனித்தனியாக எழுத வேண்டும். கோச், உதவி கோச், அதோடு ஆட்டக்காரர்களோடு உறவில்லாத ஒருவர். கிளப்பின் பழைய ஆட்டக்காரர் யாராவது ஒவ்வொரு வாரமும் வந்து வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், அவரைக் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள்.

இளையோர் அணிகளில் கோச் அநேகமாக யாரோ ஒரு ஆட்டக்காரரின் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பார். அதை மறைக்க முயலாதீர்கள், வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். தன் பிள்ளைக்கு அதிகம் போடுகிற பெற்றோரை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். அதிகம் பார்த்தது இதற்கு நேர்மாறு: ஊர் பேசுமே என்ற பயத்தில், தகுதியான பிள்ளைக்கு ஓட்டே போடாமல் விடுவது. அதுவும் அநியாயம்தான். மூன்று பேர் ஓட்டுப் போடும்போது இரண்டு பக்கக் கோணலும் ஓரளவு சமன்படும்.

ஆட்ட நாள் வழக்கம்

ஓட்டுச் சீட்டை முன்கூட்டியே அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுற்று எண், எதிரணி, தேதி, ஆட்டக்காரரின் பெயர், ஜெர்சி எண், ஓட்டு, போட்டவர் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். பெயரும் எண்ணும் இரண்டுமே கட்டாயம். ஒரே அணியில் இரண்டு ஜாக் இருப்பார்கள். ஜெர்சி மறந்து வந்து அன்றைக்கு மட்டும் வேறு எண்ணில் ஆடியவரும் இருப்பார்.

சீட்டு அன்றைக்கே எழுதப்பட வேண்டும். மறுநாள் ஆனால், கோல் அடித்தவர் மட்டுமே நினைவில் நிற்பார், டேக்கிள் செய்தவர் மறந்துபோவார். எழுதியதைக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். நான் பொறுப்பேற்ற முதல் வருடம், ‘திங்கட்கிழமை மெசேஜில் அனுப்புகிறேன்’ என்ற வார்த்தையை நம்பிவிட்டேன். இரண்டு சுற்றுகளின் ஓட்டுகள் வரவே இல்லை. ஆகஸ்டில் கேட்டபோது கோச்சுக்கு அந்த ஆட்டமே ஞாபகம் இல்லை. வெற்றியாளருக்கும் இரண்டாம் இடத்துக்கும் இருந்த வித்தியாசமோ நான்கே ஓட்டுகள். அந்த வருட முடிவு சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது என் மேல் இருக்கும் கடன். அதற்குப் பிறகு சீட்டு கையில் கிடைக்காமல் நான் மைதானத்தைவிட்டு வீட்டுக்குக் கிளம்பியதில்லை.

வாராவாரம் ஆட்ட முடிவோடு சேர்த்து லீகுக்கு அனுப்பும் ‘பெஸ்ட் பிளேயர்ஸ்’ பட்டியல் இந்த ஓட்டு அல்ல. அந்தப் பட்டியலில் கொஞ்சம் தாராளம் இருக்கும். முதல் ஆட்டம் ஆடிய பையனுக்கு உற்சாகம் கொடுக்கப் பெயரைச் சேர்ப்பார்கள், அதில் தவறில்லை. ஓட்டில் அந்தத் தாராளம் கூடாது. இரண்டும் வேறு என்பதை ஆட்டக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது பட்டியலை வைத்துத் தானே கணக்குப் போட்டு, விழா இரவில் ஏமாந்து நிற்பார்.

சீனியர், ரிசர்வ்ஸ் என்று இரண்டு அணிகள் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. இங்கே வாங்கிய ஓட்டை அங்கே கொண்டுபோக முடியாது. மழையால் நின்றுபோன ஆட்டம், எதிரணி வராமல் கிடைத்த வெற்றி, இவற்றுக்கு ஓட்டு இல்லை என்பதையும் அந்த ஒரு பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சஸ்பென்ஷன்: மனம் வலிக்கும் பகுதி

பிரவுன்லோ விதி தெளிவானது: அந்த வருடம் சஸ்பென்ஷன் வாங்கியவர் வெல்ல முடியாது. 1996-இல் நார்த் மெல்பர்னின் கோரி மெக்கெர்னன், ஜேம்ஸ் ஹர்ட், மைக்கேல் வாஸ் மூவரும் 21 ஓட்டில் நின்றார்கள். மெக்கெர்னனுக்கு மட்டும் பதக்கம் இல்லை. அடுத்த வருடமே இன்னும் கொடுமையான ஒன்று நடந்தது. வெஸ்டர்ன் புல்டாக்ஸின் கிறிஸ் கிராண்ட் 27 ஓட்டோடு முதலிடத்தில் இருந்தார். ஒரே ஒரு ஆட்டத்துக்கு சஸ்பெண்ட் ஆனதால் பதக்கம் 26 ஓட்டு வாங்கிய செயின்ட் கில்டாவின் ராபர்ட் ஹார்விக்குப் போனது. இப்போதும் மெல்பர்னில் அந்தப் பெயரைச் சொன்னால் விவாதம் தொடங்கிவிடும்.

உங்கள் கிளப் இந்த விதியை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கோச்சுகள் ஓட்டுப் போடும் கிளப் விருதுகளில் பல, சஸ்பென்ஷனைத் தனித் தடையாக வைப்பதில்லை. ஆடாத ஆட்டங்களுக்கு ஓட்டு கிடைக்காது என்பதே தண்டனையாகிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெயரிலேயே ‘ஃபேரஸ்ட்’ என்று வைத்துக்கொண்டு, எதிராளியின் தாடையில் குத்தி நான்கு வாரம் வெளியே இருந்தவருக்கு அதைக் கொடுத்தால், பார்த்துக்கொண்டிருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது? அதேசமயம், தவறி விழுந்த ஒரு டேக்கிளுக்குக் கிடைத்த ஒரு வாரத் தடையையும் அதையும் ஒரே தராசில் வைப்பது கடுமைதான். நடுவழி ஒன்று சொல்கிறேன்: லீகின் விசாரணைக் குழுவான டிரிபியூனல் சஸ்பெண்ட் செய்தால் தகுதி இழப்பு, மஞ்சள் அட்டையோ வெறும் எச்சரிக்கையோ கணக்கில் இல்லை. இப்படி எழுதினால் முடிவு உங்கள் கையில் இல்லை, வெளியே இருக்கும் டிரிபியூனல் கையில் இருக்கிறது. கமிட்டி கூடி ‘இது பெரிய தப்பா, சின்னத் தப்பா’ என்று பேசத் தொடங்கினால் அங்கே நட்புதான் பேசும்.

தகுதி இழந்தவருக்குத் தொடர்ந்து ஓட்டுப் போடலாமா? போடுங்கள். ஓட்டை நிறுத்தினால் அடுத்தவர்களுக்கு இலவசமாக ஓட்டு போய்ச் சேரும், கணக்கு கோணலாகும்.

சமநிலை

1930 வரை பிரவுன்லோவுக்கு அம்பயர் ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஓட்டுத்தான் போட்டார். அந்த வருடம் ஸ்டான் ஜட்கின்ஸ், ஹாரி காலியர், ஆலன் ஹாப்கின்ஸ் மூவரும் சமமாக நிற்க, குறைந்த ஆட்டங்கள் ஆடியவர் என்று ஜட்கின்ஸிடம் பதக்கத்தைக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே 3-2-1 வந்தது. அப்புறமும் பல பத்தாண்டுகள் சமநிலையை யாருக்கு அதிக முதலிடம் என்று எண்ணித் தீர்த்தார்கள். 1981-இலிருந்துதான் பகிர்ந்து கொடுக்கும் வழக்கம். பழைய முறையில் தவறவிட்டவர்களுக்கு 1989-இல் பதக்கம் வழங்கப்பட்டது; காலியரும் ஹாப்கின்ஸும் ஐம்பத்தொன்பது வருடம் காத்திருந்து வாங்கினார்கள். 2003-இல் ரிச்சியூட்டோ, பக்லி, கூட்ஸ் மூவரும் தலா 22 ஓட்டோடு ஒன்றாக மேடை ஏறினார்கள்.

அவ்வளவு பெரிய லீகே திருத்திக்கொண்ட பிறகு நாம் ஏன் பழைய வழியில் போக வேண்டும்? சமநிலை என்றால் இரண்டு கோப்பை. ஒரு கோப்பையைக் கூடுதலாக வாங்கிவர ஆகும் செலவு அதிகம் இல்லை.

ஃபைனல்ஸ்

பிரவுன்லோவில் ஃபைனல்ஸ் சேராது. கிளப் விருதில் சேர்க்கலாம். சேர்த்தால் செப்டம்பரில் நன்றாக ஆடியவருக்கு அதற்கான மதிப்பு கிடைக்கும். சேர்ப்பதென்றால் விழா தேதியைக் கிராண்ட் ஃபைனலுக்குப் பின் வையுங்கள், முதல் சுற்றுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

எண்ணுவது

கவர்களை விழாவுக்கு ஒரு வாரம் முன்பு வரை யாரும் பிரிக்க வேண்டாம், நீங்களும்கூட. முன்னணியில் யார் என்று தெரிந்துவிட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும், கோச்சின் பேனாவும் வளையும். இருவர் உட்கார்ந்து பிரியுங்கள்: ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத. முடிந்ததும் இடம் மாறி மறுபடி ஒருமுறை. ஒவ்வொரு சுற்றின் கூட்டுத்தொகையும் சரியாக வர வேண்டும். மூன்று பேர் 5-4-3-2-1 போட்டால் சுற்றுக்கு 45. 44 வந்தால் எங்கோ ஒரு எண் தவறு. இந்த ஒரு சோதனை என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. சீட்டுகளை அடுத்த வருட விழா வரை தூக்கிப்போடாதீர்கள்.

விழா இரவு

சுற்றுச் சுற்றாக ஓட்டை வாசிப்பதுதான் இந்த இரவின் அழகு. ஒவ்வொரு சுற்றையும் வாசிக்கும்போது அந்த ஆட்டம் அறைக்குள் திரும்பி வரும். மொத்தமாக வாசிக்காமல், நான்கு சுற்றுகளுக்கு ஒருமுறை நிறுத்தி முதல் ஐந்து இடங்களைச் சொல்லுங்கள். நடுவில் சாப்பாடு, மற்ற விருதுகள். பெண்கள் அணி இருந்தால் அவர்களின் எண்ணிக்கைக்கும் அதே நேரம், அதே மேடை, அதே அளவு கோப்பை. தேசிய பெண்கள் லீக் 2017-இல் தொடங்கிய முதல் வருடமே தன் சொந்த ‘பெஸ்ட் அண்ட் ஃபேரஸ்ட்’ விருதை வைத்தது, எரின் பிலிப்ஸ் வென்றார். உள்ளூர் கிளப்பில் பெண்கள் விருதைக் கூட்டம் வந்து சேரும் முன்பே அவசரமாக முடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

விருதுக்குப் பெயர் வைப்பதானால்

ஹாதோர்னின் விருது பீட்டர் கிரிம்மின்ஸ் பெயரில் இருக்கிறது. குட்டையான ரோவர், அதாவது பந்தைத் துரத்தி எடுப்பவர், அணியின் கேப்டனாக இருந்தவர். புற்றுநோயோடு போராடியபடி 1976 கிராண்ட் ஃபைனலை ஆட முடியாமல் வீட்டில் இருந்தார். ஜெயித்த சக ஆட்டக்காரர்கள் அன்றிரவே கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். சில நாட்களில் அவர் இறந்தார், வயது 28. மெல்பர்ன் கிளப்பின் விருது ‘புளூயி’ ட்ரஸ்காட் பெயரில். போர் விமானியாக இருந்து 1943-இல் விமான விபத்தில் இறந்தவர். காலிங்வுட்டோ, ஆட்டக்காரர் அல்லாத, பல காலம் செயலாளராக உழைத்த கோப்லண்ட் பெயரை வைத்தது. அதை முதலில், 1927-இல், சிட் கவென்ட்ரி வென்றார். உங்கள் கிளப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார்: முப்பது வருடம் மைதானத்தில் கோடு போட்டவர், ஜெர்சி துவைத்தவர். பெயர் வைக்கும் முன் குடும்பத்தைக் கேளுங்கள், விழாவுக்கு வருடா வருடம் அழையுங்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையை அந்த இரவில் ஒருவர் இரண்டு நிமிடம் சொல்லட்டும்.

பலகையில் பெயர் எழுதும்போது

கடைசி வேலை, நம்மவர்கள் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது. கோப்பையிலும் பலகையிலும் கிளப் வழக்கமாக முதல் எழுத்தும் குடும்பப் பெயரும் எழுதும். நம் வீடுகளில் குடும்பப் பெயர் என்று படிவத்தில் எழுதியது பெரும்பாலும் அப்பாவின் பெயர். பிள்ளையின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, அப்பாவின் பெயர் முழுதாகப் பலகையில் ஏறிவிடும். பதினாறு வாரம் ஓடியது அப்பா இல்லையே. அதனால் பொறிக்கக் கொடுக்கும் முன், ஜெயித்தவர் யாராக இருந்தாலும், வியட்நாமிய வீட்டுப் பெண்ணோ சமோவா வீட்டுப் பையனோ, ஒரு காகிதத்தைக் கொடுத்து, “உன் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று நீயே எழுதிக்கொடு” என்று கேளுங்கள். அந்தக் காகிதத்தை அப்படியே பொறிப்பவரிடம் கொடுங்கள், தட்டச்சு செய்து கொடுக்காதீர்கள். பலகை திரும்பி வந்ததும், சுவரில் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.